கெளுத்தி கடிக்கிறது, ஆனால் மாட்டவில்லை

மூன்று இரவுகள் இதே கதை. தூண்டில் கோல் நுனி வளையும், வெடுக்கென்று சுண்டுவேன், வெறும் முள் திரும்பி வரும். மண்புழு, கோழி ஈரல் என்று இரையை மாற்றியும் பார்த்தேன்.

தப்பு என் கையில்தான். நான் கட்டியிருந்தது சர்க்கிள் ஹூக், அதாவது வட்டமாக வளைந்த தூண்டில் முள். அதன் கூர்முனை உள்பக்கம் திரும்பியிருக்கும். மீன் இரையோடு விலகிப் போகும்போது தானாகவே வாயோரத்தில் பதியும். அவசரப்பட்டுச் சுண்டினால் பதியுமுன்பே நழுவிவிடும். அப்புறம், முள்ளின் வளைவுக்குள் இருக்கும் இடைவெளியையே ஈரலால் அடைத்து வைத்திருந்தேன். எங்கே பதியும்?

சின்னத் துண்டாகக் கோத்து, கூர்முனையை வெளியே தெரியவிட்டேன். கோல் நன்றாக வளையும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அதுதான் கஷ்டம். பிறகு சுண்டாமல் நிதானமாக ரீலைச் சுற்றினேன். சரியாக வாயோரத்தில் மாட்டியிருந்தது. கழற்றும்போது அதன் துடுப்பு முள் குத்தியது தனிக்கதை.