ஊருக்குப் போனால் பார்க்க வேண்டிய துரைமார் வீடுகள்

விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கோயில், கல்யாண வீடு, காணி அலுவல் என்று மூன்று கிழமையும் ஓடிவிடும். மிச்சமுள்ள நாட்களில் பிள்ளைகள் கடற்கரை கேட்பார்கள். அதில் இரண்டு நாளை வெள்ளைக்காரர் கட்டிய வீடுகளுக்கு ஒதுக்குங்கள் என்பேன். அந்த வீடுகளைப் பார்க்கும்போது, அவற்றைத் தாங்கி நின்றது யாருடைய உழைப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரிப் பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

முதலில் இலங்கையின் மலைநாட்டிலுள்ள அப்புத்தளை. ஊரிலிருந்து நான்கு கிலோமீற்றருக்குள் இருக்கிறது அடிஷாம் பங்களா. 1887இல் இலங்கைக்கு வந்து, பிறகு தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவரான சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய வீடு. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் தான் வளர்ந்த கிராமத்தின் பெயரையே வீட்டுக்கும் வைத்தார். கருங்கல் சுவர், நீண்ட புகைபோக்கி, ஒடுங்கிய யன்னல்கள் எல்லாம் சேர்ந்து, இங்கிலாந்துத் துண்டு ஒன்றை மலையில் கொண்டுவந்து வைத்த மாதிரித்தான் இருக்கும். 1960களின் தொடக்கத்திலிருந்து பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம் அது. ஆகவே அங்கே சுற்றுலாத் தலத்துச் சத்தம் எடுபடாது. தோளும் முழங்காலும் மூடிய உடுப்போடு போங்கள். வீட்டுக்குள் வரவேற்பறையையும் நூலகத்தையும்தான் காட்டுவார்கள். பழைய தளபாடங்கள் அப்படியே இருக்கின்றன. உள்ளே கமெராவைத் தூக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எனக்கு வீட்டைவிடத் தோட்டம்தான் பிடிக்கும். ரோஜாப் பாத்திகள், உயர்ந்த சைப்ரஸ் மரங்கள், பின்னால் பழத்தோட்டம். துறவிகள் செய்கிற ஜாம், பழரசப் போத்தல்களை வாசலிலேயே வாங்கலாம். கண்ணாடிப் போத்தலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறிகொடுப்பீர்கள், பெரிய பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள். பங்களாவை ஒட்டித் தங்கமலைக் காடு இருக்கிறது. நடக்க விருப்பமுள்ளவர்கள் அந்த வழியே போய் இதல்கஸ்ஹின்ன புகையிரத நிலையம்வரை இறங்கலாம். மழைக்குப் பிறகு அட்டை இருக்கும். நீளக் காற்சட்டையும் கொஞ்சம் உப்பும் போதும்.

பார்வையாளர்களை வழமையாக விடுவது சனி, ஞாயிறு, போயா, பொது விடுமுறை, பாடசாலை விடுமுறை நாட்களில்தான். புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இதில் சனிக்கிழமையே நல்லது. ஞாயிறன்று தோட்டங்களில் பெரும்பாலும் கொழுந்து எடுப்பதில்லை. சனி காலையில் எழும்பியதும் லிப்டன் சீற் என்ற மலையுச்சிக் காட்சிமுனைக்கு ஏறிவிடுங்கள், ஒன்பது பத்து மணிக்கு மேல் பனிமூட்டம் வந்து காட்சியை மறைத்துவிடும். இறங்கும் வழியில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னை தேயிலைத் தொழிற்சாலை, பின்னேரம் அடிஷாம். ஒரு நாளுக்கு அது காணும்.

அந்தப் பாதை நெடுக லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், வரும். துரையின் வீட்டில் ஒவ்வொரு நாற்காலிக்கும் கதை சொல்வார்கள், அந்த நாற்காலிக்குக் காசு விளைந்த மலையில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து கோப்பியும் தேயிலையும் வளர்த்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கதை தெரியாது, தெரிந்துகொள்ள நல்ல இடம் இது. ஆனால் லயத்துக்குள் கமெராவோடு நுழையாதீர்கள், அது ஆட்கள் இருக்கிற வீடு. கடையில் தேத்தண்ணி குடியுங்கள், வணக்கம் சொல்லுங்கள், பேச்சு தானாக வரும். பிள்ளைகளுக்குக் காசும் இனிப்பும் நீட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கொழும்பிலிருந்து பதுளைப் புகையிரதத்தில் போனால் ஏறக்குறையப் பகல் முழுதும் ஆகும். இருக்கை சீக்கிரம் முடிந்துவிடும், ஆகவே முன்பதிவு திறக்கிற அன்றே எடுங்கள். மண்சரிவால் பாதை மூடியிருக்கிற காலங்களும் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புத்தளை 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கனடாக் குளிரைப் பார்த்தவர்கள் என்று ஸ்வெட்டரை விட்டுப் போனால் இரவில் தெரியும், பெரும்பாலான அறைகளில் ஹீற்றர் கிடையாது.

வடக்கில் இருப்பவை பெரும்பாலும் இடிபாடுகள். யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் கண்டி வீதியோரம் பழைய பூங்கா இருக்கிறது. 1829இலிருந்து 1867இல் இறக்கும்வரை, சிறு இடைவெளி தவிர, வட மாகாண அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் டைக் வீடு கட்டி மரம் நட்ட காணி அது. வீட்டைப் போர் தின்றுவிட்டது. மரநிழல் மட்டும் அசலாக இருக்கிறது. பின்னேரம் பிள்ளைகளோடு அரை மணித்தியாலம் போதும்.

அரிப்பு என்ற கரையோர ஊர் அப்படியல்ல, அதற்கென்றே போகலாம். மன்னாருக்குத் தெற்கே, முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய 1801க்கும் 1804க்கும் இடையில் கிரேக்கத் தூண்களோடு கட்டிய மாளிகை. ஊரார் அல்லிராணி கோட்டை என்பார்கள். கதைப்பாட்டு அல்லிக்கும் இந்தக் கட்டடத்துக்கும் உறவில்லை, இருந்தாலும் அந்தப் பெயர்தான் வழி கேட்க உதவும். பக்கத்திலுள்ள ஒல்லாந்தர் கோட்டை வேறு. கண்டி அரசனின் பிடியில் ஏறக்குறைய 20 வருடம் இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்தது அங்கேதான். கோப்பிக் காலத்தில் தோணியில் வந்த மலையகத்தாரின் முன்னோர்கள் இறங்கி, மாத்தளைக்கு நடக்கத் தொடங்கியதும் இதே மன்னார்க் கரைகளில்தான். அப்புத்தளை போய்வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

திருக்கேதீச்சரமோ மடுவோ போகிற நாளில் வாகனக்காரரிடம் முன்கூட்டியே அரிப்பையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், இடையில் சொன்னால் கூலி ஏறும். நிழலும் கடையும் இல்லாத இடம், தண்ணீர் கையோடு வேண்டும். கடல் அரித்து அரித்துக் கட்டடத்தின் ஒரு பக்கம் சரிந்துகொண்டிருக்கிறது. படம் எடுக்கச் சுவரில் ஏற வேண்டாம், கடல் பக்க விளிம்பில் சின்னப் பிள்ளைகளின் கையை விடவும் வேண்டாம்.