எஸ்டிஆர் திட்டத்தில் விட்டுப்போன பக்கத்தை எழுதுவது எப்படி

எஸ்டிஆர் என்றால் ரேடியோ சிக்னலைக் கணினி மென்பொருளால் பிரித்தெடுக்கும் முறை. புதிதாகத் தொடங்கிய எஸ்டிஆர் திட்டங்களில் நிரல் ஓடும், விளக்கம்தான் இருக்காது. வேலை முடிந்து ராத்திரியில் உட்கார்ந்து எழுதும் தன்னார்வலர்களுக்கு டாங்கிளை (கணினியின் யுஎஸ்பியில் செருகும் சின்ன ரேடியோ வாங்கி) செருகினால் என்ன வரும் என்பது அத்துப்படி, அதனால் அதை எழுதவேண்டும் என்றே தோன்றாது. அந்தப் பக்கத்தை எழுத, இப்போது முட்டி மோதிக்கொண்டிருக்கும் உங்களைவிடச் சரியான ஆள் கிடையாது.

நிறுவும்போதே ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் திறந்துவைத்து, அடித்த கட்டளையையும் திரையில் வந்த வரியையும் அப்படியே ஒட்டிக்கொண்டே போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் எங்கே மாட்டினோம் என்பதே மறந்துவிடும். லினக்ஸில் பலரும் மாட்டும் இடம் ஒன்று உண்டு: ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற மலிவு வகை டாங்கிளை டிவி டிரைவர் முதலில் பிடித்துக்கொள்ளும், நம் மென்பொருளுக்கு 'எரர் -6' என்று வரும். அந்த வரியை எழுத்து மாறாமல் போடுங்கள், அடுத்து மாட்டுகிறவர் அதைத்தான் தேடுவார்.

பதிப்பு எண்களை விடவே விடாதீர்கள். எஸ்டிஆர் மென்பொருளான ஜிஎன்யூ ரேடியோவின் 3.8 பதிப்பில் சேமித்த ஃப்ளோகிராஃப் (கட்டங்களை இணைத்து வரையும் நிரல்) 3.7-இல் திறக்காது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளின் வி4 மாடல் பழைய டிரைவரோடு சரியாக வேலை செய்யாது.

அப்புறம், 'எது வந்தால் சரி' என்ற பகுதி. பெரும்பாலும் இல்லாதது இதுதான், நான் ரொம்ப முக்கியமாக நினைப்பதும் இதைத்தான். பழனி மலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோடை பண்பலை கையிலேயே இருக்கிறது: 100.5 மெகாஹெர்ட்ஸ், நிச்சயமாகத் தெரிந்த சிக்னல். சாம்பிள் ரேட்டை (சிக்னலை அளக்கும் வேகம்) நொடிக்கு 24 லட்சம் என்று வைத்தால் வாட்டர்ஃபாலில் (அலைவரிசைகள் மேலிருந்து கீழாக ஓடும் படம்) ஏறக்குறைய 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குத் தடித்த பட்டை தெரியவேண்டும். அந்தத் திரையைப் படமெடுத்துப் போடுங்கள். கொடைக்கானல் ஊருக்குள்ளேயே இருந்தால் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) உச்சத்தில் வைக்கவேண்டாம், டாங்கிள் திணறி அதே நிலையம் வேறு அலைவரிசைகளிலும் போலியாகத் தலைகாட்டும். பெருமாள்மலையில் வைத்த கெயின் மன்னவனூருக்குப் பொருந்தவேண்டும் என்றில்லை, ஆகவே இடம், ஆண்டெனா, கெயின் மூன்றையும் சேர்த்தே குறியுங்கள். மலிவு டாங்கிளில் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) விலகினால் இந்த 100.5-இல் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். பண்பலையில் காதுக்கு உறைக்காது, குறுகிய சிக்னலைத் தேடினால் கையில் சிக்காது.

காலாவதியானதைத் திருத்துவதும் இதே வேலைதான். நோவா 15, 18, 19 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களிலிருந்து படம் பிடிக்கச் சொல்லும் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. மூன்றையுமே 2025-இல் நிறுத்திவிட்டார்கள். இது தெரியாத பிள்ளை பனியில் ஆண்டெனாவோடு மொட்டைமாடியில் நின்று, தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. அந்த வரியை எடுத்துவிட்டு ரஷ்யாவின் மெட்டியோர் எம்2 வரிசை வானிலைச் செயற்கைக்கோள்களைச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் வேறு கணினி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். அவர் கேள்வி கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி குறைகிறது. அதையும் சேர்த்து, மேலே தேதி போட்டு, ஒரு விஷயத்துக்கு ஒரு திருத்தமாகத் திட்டத்தை நடத்துகிறவர்களுக்கு அனுப்புங்கள். சின்னதாக இருந்தால் அவர்களும் சட்டென்று படித்துச் சேர்த்துக்கொள்வார்கள்.