வாழை மட்டையில் கயிறு திரிப்பது எப்படி?

குலை வெட்டிய வாழை மறுபடி குலை தள்ளாது. மரத்தைச் சாய்த்து அப்படியே மக்க விட்டுவிடுவோம். அதற்கு முன் நாலைந்து மட்டையை உரித்து வைத்தால், தோட்டத்தில் கொடி கட்டக் கயிறு கடையில் வாங்க வேண்டியதில்லை. ஒரு கத்தி, ஒரு பலகை போதும். பழைய சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்; வாழைக்கறை பட்டால் எந்த சோப்புக்கும் போகாது.

முதலில் நார். மரத்தின் வெளி மட்டைகளில் நார் முரடாக இருக்கும். உள்ளே போகப் போக மெலிசாகும். கயிற்றுக்கு வெளி மட்டைதான் சரி. இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பலகையில் வைத்து, கத்தியின் முதுகால் அழுத்திச் சுரண்டுங்கள். சாறும் சதையும் வழிந்து, நார் மட்டும் நிற்கும். கூர்ப்பக்கம் பட்டால் நார் அறுந்துவிடும். அலசி நிழலில் உலர்த்துங்கள். இவ்வளவு பொறுமை இல்லையா? மட்டையை அப்படியே காயவிட்டு, நனைத்து, நீளவாக்கில் கிழித்துக்கொள்ளுங்கள். பூக்கட்டுபவர்கள் செய்வது இதைத்தான். முதல் தடவைக்கு நானும் இதையே சொல்வேன்.

இனி திரிப்பது. நாரில் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். ஊறப்போட வேண்டாம், ஊறிய நார் பருத்திருக்கும், காய்ந்து சுருங்கியதும் கயிறு தொளதொளக்கும்.

தீக்குச்சி கனத்துக்கு ஒரு கற்றை எடுங்கள். அதைச் சரிபாதியில் மடிக்காமல், ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் மடியுங்கள். மடிப்பை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தால், வலப்பக்கம் இரண்டு புரி நீளும். மேல் புரியை உங்களிடமிருந்து வெளிப்பக்கமாக இறுக முறுக்குங்கள். முறுக்கு விடாமல், அதைக் கீழ்ப் புரியின் மேலாக உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது மற்றது மேலே வந்திருக்கும். அதையும் வெளியே முறுக்கி, உள்ளே மடக்குங்கள். அவ்வளவுதான், இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இடது விரல்களை மட்டும் அவ்வப்போது முன்னே நகர்த்துங்கள்.

ஒற்றைப் புரியை எவ்வளவு முறுக்கினாலும் கையை விட்டதும் பிரிந்துவிடும். இங்கே இரண்டு புரியும் ஒரு பக்கம் பிரியப் பார்க்கும், கயிறு எதிர்ப்பக்கம் பிரியப் பார்க்கும். ஒன்றை ஒன்று விடாது. தேர் வடமும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

ஒரு புரி நான்கு விரல் நீளத்துக்குத் தேய்ந்ததும், புது நாரை அதோடு சேர்த்து வைத்து முறுக்குங்கள். முடிச்சு போடக் கூடாது. முதலில் நீளம் மாற்றி மடித்தது இதற்காகத்தான்: இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் வந்தால் கயிறு அங்கேயே அறும். புதிதாகத் திரிப்பவர்களுக்கு ஒரு புரி நேராக நிற்க, மற்றது கொழுகொம்பில் கொடி சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு போகும். மெலிந்த புரியில் இரண்டு நார் கூட்டினால் சரியாகிவிடும்.

முடித்ததும் நுனியில் முடிச்சிட்டு, இரண்டு கம்பத்துக்கு நடுவே இழுத்துக் கட்டிக் காயவிடுங்கள். அப்புறம் பிசிறுகளைக் கத்தரித்துவிடலாம்.

அவரைப் பந்தலுக்கும் கீரைக் கட்டுக்கும் இது தாராளம். கிணற்று வாளியில் மட்டும் கட்டாதீர்கள், ஓயாத ஈரத்தில் இற்றுவிடும். அந்த வேலைக்குத் தேங்காய் நார்க் கயிறுதான்.