இடிக்க ஒரு நாள், அள்ள ஒரு வாரம்: வீட்டு வேலைக் கழிவில் நாம் செய்யும் தவறுகள்

குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று முடிவு செய்த மறுநாளே எல்லாரும் டைல்ஸ் பார்க்கத்தான் கிளம்புகிறோம். எந்த நிறம், எந்த அளவு, கால் வழுக்குமா வழுக்காதா என்று நாலு நாள் மண்டையை உடைத்துக்கொள்வோம். பழைய டைல்ஸைக் கொத்தினால் எவ்வளவு கழிவு விழும், அது எந்த வழியாக வெளியே போகும், போய் எங்கே சேரும் என்பதற்கு நாலு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. நானும் ஒதுக்கவில்லை. சின்ன அறைதானே, பத்து மூட்டை வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நாற்பதாவது மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அந்தக் கணக்கு இதுதான். 2 மீட்டருக்கு 2 மீட்டர் அறை. தரையில் டைல்ஸும் அதற்கடியில் 4 சென்டிமீட்டர் சாந்தும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ, ஆகத் தரை மட்டும் 400 கிலோ. சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தால் கதவு போக 15 சதுர மீட்டர் தேறும். அங்கே சாந்து மெலிசு, சதுர மீட்டருக்கு 55 கிலோ என்று வைத்தாலும் 800 கிலோவைத் தாண்டிவிடும். பழைய பீங்கானையும் குழாயையும் இன்னும் தொடவே இல்லை, அதற்குள் 1,200 கிலோ. எடையாவது தராசில் தெரியும், அளவு அதைவிட ஏமாற்றும். நின்றுகொண்டிருந்த சுவரை உடைத்துப் போட்டால் துண்டுகளுக்கு நடுவே காற்று புகுந்து, முன்பு பிடித்திருந்த இடத்தைப் போல சுமார் ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 23 சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு செங்கல் சுவர் நிற்கும்போது 2 கன மீட்டர்தான். விழுந்த பிறகு 3 கன மீட்டர், எடை 4 டன்னுக்குப் பக்கம். சுவரை டேப் வைத்து அளந்துவிட்டு அதே அளவுக்கு வண்டி சொல்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூட்டை கட்டுவதிலும் ஒரு தவறு. 50 கிலோ சிமென்ட் வந்த சாக்குதானே, தாங்கும் என்று கழுத்து வரை ரொப்புகிறோம். தாங்காது. சிமென்ட் மாவு போல இருக்கும். உடைந்த டைல்ஸ் கத்தி போல இருக்கும். என் மூட்டை ஒன்று படிக்கட்டுத் திருப்பத்தில் அடிப்பக்கம் கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் சலசலவென்று இரண்டு மாடிக்கு இறங்கியது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. பாதி சாக்குதான் நிரப்ப வேண்டும், 20 முதல் 25 கிலோ. நடை கொஞ்சம் கூடும், முதுகு மிஞ்சும்.

கட்டிய மூட்டைகளை எங்கே அடுக்குகிறோம் என்பதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். குடியிருக்கும் வீட்டுத் தளங்களை ஆள், கட்டில், அலமாரி எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ வரும் என்று வைத்துத்தான் பொதுவாக வடிவமைக்கிறார்கள். இடிபாட்டை முழங்கால் உயரத்துக்கு, அதாவது அரை மீட்டருக்குக் குவித்தாலே 650 கிலோ ஆகிவிடும், மூன்று மடங்குக்கு மேல். பால்கனியில் குவிப்பது இன்னும் மோசம், அது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தளம், அதுவும் ஓரத்தில் பாரம் ஏறினால் கேட்கவே வேண்டாம். வழியை அடைக்காமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் பால்கனிக்குத் தள்ளுகிறார்கள். மேல்மாடி வேலை என்றால் அன்றன்றைக்கு விழுந்ததை அன்றன்றைக்கே இறக்கிவிடுவது ஒன்றுதான் வழி. அதற்கு ஆள் இல்லையென்றால் அன்றைக்கு இடிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். இந்த வேலையில் ஒரே ஒரு தவறை மட்டும் தவிர்க்கச் சொன்னால் நான் சொல்வது இதைத்தான்: எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போடாதீர்கள். செங்கல், கான்கிரீட், டைல்ஸ், சாந்து இவை மட்டும் இருக்கும் குவியலை உடைத்துச் சலித்தால் ஜல்லியாகவும் மணலாகவும் திரும்பப் பயன்படும், சாலைக்கு அடியில் போடலாம், தளம் நிரப்பலாம். ஒன்றும் புதிய யோசனை இல்லை, செங்கலைத் தூளாக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கலப்பதை ரோமானியர்களே செய்திருக்கிறார்கள். அதே குவியலில் ஃபால்ஸ் சீலிங் துண்டு, பெயின்ட் டப்பா, தெர்மாகோல், வயர், சாப்பிட்ட பொட்டலம் எல்லாம் விழுந்துவிட்டால் அதை யாரும் உட்கார்ந்து பொறுக்கப்போவதில்லை. மொத்தமும் குப்பை.

குறிப்பாக ஜிப்சம். ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன் பலகை, சில வீடுகளில் சுவர்ப் பூச்சுகூட ஜிப்சம்தான். வெள்ளையாக, சாதுவாக, சுண்ணாம்பு மாதிரி தெரியும். அது கான்கிரீட் ஜல்லியோடு கலந்து மறுபடி கட்டுமானத்துக்குப் போனால் அதிலுள்ள சல்பேட் புது கான்கிரீட்டை உள்ளிருந்து உப்பவைத்து விரிசல் விழ வைக்கும். காற்றுப் போகாத ஈரமான குப்பைமேட்டில் மக்கும் குப்பையோடு சேர்ந்து புதைந்தால் பாக்டீரியா அதைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். அழுகிய முட்டை நாற்றம், அளவு கூடினால் விஷம். ஆனால் தனியாக, ஈரமாகாமல் எடுத்து வைத்தால் அரைத்துச் சூடாக்கித் திரும்பத் திரும்பப் பலகையாக்க முடிகிற பொருள் அது. ஒரு மூலையில் தனியாகச் சாத்தி, மேலே ஒரு தார்ப்பாயைப் போட வேண்டும். நம் பக்கத்து வேலை அவ்வளவுதான்.

உடைத்த பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் இதே தவறுதான். முதலில் கதவு, ஜன்னல், ஃபேன், சுவிட்ச், குழாய், வாஷ்பேசின் எல்லாவற்றையும் கழற்றி வெளியே எடுங்கள், மின்சாரத்தையும் தண்ணீரையும் மெயினில் நிறுத்திவிட்டு. அப்புறம் சீலிங், மரச்சட்டம். கடைசியாகத்தான் சம்மட்டி. வரிசையை மாற்றினால் யாருக்காவது இன்னும் இருபது வருஷம் உழைத்திருக்கக்கூடிய கதவு, செங்கல் விழுந்து விறகாகிவிடும். பழைய ஏசி, ஃபிரிட்ஜ் இருந்தால் குழாயை அறுத்து எடுக்கக்கூடாது, உள்ளே இருக்கும் வாயுவை முறையாக இறக்கத் தெரிந்தவர் வர வேண்டும். எல்இடி அல்லாத பழைய டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, சாக்கில் போட்டு மிதிக்காமல் முழுசாகத் தனியே வையுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். பழைய கூரை ஷீட், பழைய சிமென்ட் குழாய், வெந்நீர்க் குழாயைச் சுற்றிய பழைய காப்பு, சில பழைய வினைல் தரைத் துண்டுகளும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையும்கூட, இவற்றில் எல்லாம் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். ஷீட் முழுசாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. சுத்தியலால் அடித்துச் சிறு துண்டாக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறந்து நுரையீரலில் போய்க் குத்தி நிற்கிறது. புற்றுநோயாக அது வெளிப்பட 20, 30, 40 வருஷம்கூட ஆகும், அதனால்தான் “எத்தனையோ வருஷமாக உடைக்கிறோம், என்ன ஆகிவிட்டது” என்ற பேச்சு நிற்பதே இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்குப் போன ஆண்களின் துணியைத் துவைத்த பெண்களுக்கே நோய் வந்திருக்கிறது, வேலையிடத்தை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். பல நாடுகளில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே இதை எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அப்படி ஆள் கிடைத்தால் அவர்களிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் செய்வதும் இதுதான்: தண்ணீர் தெளித்து நனைப்பது, உடைக்காமல் ஆணியைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்குவது, கனமான பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி ஒட்டி மேலே என்னவென்று எழுதுவது. துடைப்பத்தால் கூட்டக்கூடாது. வீட்டு வேக்குவம் கிளீனர் அந்த நாரைப் பிடிக்காது, பின்பக்கமாக அறை முழுக்க ஊதும்.

சாதாரணத் தூசியும் அப்படி ஒன்றும் சாதாரணம் இல்லை. கான்கிரீட், செங்கல், டைல்ஸ் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது, அந்த மெல்லிய தூசியும் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் இருப்பதுதான். முகத்தில் கட்டும் கைக்குட்டை மனத் திருப்திக்கு. என்95 அல்லது அதற்கு ஈடான முகக்கவசம் வேண்டும். அதைவிட நல்லது தூசியே எழும்பாமல் செய்வது. கொத்துவதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள், அள்ளுவதற்கு முன்னும் தெளியுங்கள், மாடியிலிருந்து மூட்டையை வீசாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதையும் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் ஈரமாக்கிச் சுரண்டி, உதிர்ந்ததை அன்றே பொறுக்கிக் கட்டிவிட வேண்டும். தரையில் தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இதில் சமரசமே கூடாது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. வேலை முடிந்து பாண்டையும் கரண்டியையும் கழுவுகிற சிமென்ட் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? அறை மூலையில் இருக்கும் வடிகால் துளையில்தானே? என் வீட்டிலும் அங்கேதான் ஊற்றினார்கள், நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சிமென்ட் தண்ணீருக்குள்ளேயும் இறுகும், இறுகுவதற்குத் தண்ணீர்தான் தேவையே! வளைவில் படிந்து கல்லாகிவிட்டது. புது டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் தண்ணீர் நிற்பது தெரிந்தது, புதிதாக ஒட்டியதையே உடைத்துக் குழாயை மாற்றினோம். இடிக்க ஆரம்பிக்கும் முன்பே எல்லாத் துளையிலும் துணியைத் திணித்து மேலே பாலித்தீன் வைத்து ஒட்டிவிடுங்கள். கழுவிய தண்ணீரை ஒரு பழைய டிரம்மில் விட்டால் மறுநாள் கசடு அடியில் படிந்து இறுகியிருக்கும், தட்டி எடுத்து இடிபாட்டோடு போடலாம். மேலே தெளிந்து நிற்பது சுண்ணாம்பு போலக் கடும் காரம், அதைச் செடிக்கும் ஊற்ற வேண்டாம், குளத்திலும் விட வேண்டாம், அடுத்த கலவைக்கு பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

மரத்தையும் வயரையும் கொளுத்திவிடுவது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, செய்யாதீர்கள். வயர் உறையிலும் குழாயிலும் இருக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் அமிலப் புகையும் டயாக்சின் என்ற கொடிய நச்சும் வரும். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பழைய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம், எரித்தால் அது சாம்பலில் தங்கும், அந்தச் சாம்பலைத்தான் உரம் என்று செடிக்குப் போடுவோம். இடிபாட்டை மரத்தடியில் குவிப்பதும் இதே ரகம். பாரத்தில் மண் இறுகி வேருக்குக் காற்றுப் போகாது, மழையில் கரைகிற சுண்ணாம்பு வேறு. மரம் உடனே ஒன்றும் சொல்லாது, இரண்டு வருஷம் கழித்து உச்சியிலிருந்து காயத் தொடங்கும்.

கடைசியில் வண்டி. ரொம்பக் குறைவாகக் கேட்டு, ராத்திரி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் எங்கே கொட்டுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அனுமதி உள்ள இடத்துக்குப் போகிறவர் இடத்தின் பெயரைச் சொல்வார், ரசீதும் தருவார்; “அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்” என்றால் அது ஓடைக்கோ காலி மனைக்கோ போகிறது என்று அர்த்தம். பல ஊர்களில் கழிவை உண்டாக்கியவரையும் சேர்த்துத்தான் பிடிக்கிறார்கள், மூட்டைக்குள் கிடக்கும் உங்கள் முகவரி எழுதிய அட்டைப்பெட்டியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வண்டியைப் பக்கப்பலகை வரை ஏற்றவும் விடாதீர்கள். மரமும் தெர்மாகோலும் என்றால் இடம்தான் முதலில் தீரும். இடிபாடு என்றால் பாதி தொட்டியிலேயே வண்டியின் எடை அளவு தீர்ந்துவிடலாம்.

வண்டி கிளம்பின பிறகு ஒரு கம்பின் நுனியில் காந்தத்தைக் கட்டி, மூட்டைகள் கிடந்த இடத்திலும் வாசலிலிருந்து தெருமுனை வரையிலும் ஒரு தடவை இழுத்துக்கொண்டு போங்கள். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பழைய காந்தம் போதும். எனக்கு ஒரு கைப்பிடி ஆணியும் திருகாணியும் ஒட்டிக்கொண்டு வந்தன, தெரு பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கு முந்தின தடவை இதைச் செய்யாமல் விட்டு, எதிர்வீட்டுக்காரரின் இரண்டு டயருக்கு நான்தான் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தேன்.