துணிக்கூரை ஜீப்புக்கு ஹார்ட் டாப் வேண்டுமா? மதுரைப் பக்கத்தில் முடிவெடுக்கும் முறை

சாஃப்ட் டாப், அதாவது துணிக்கூரை போட்ட ஜீப் வாங்கியவர்களில் பலர், முதல் ஐப்பசி மழையில் கதவோரமாகத் தண்ணீர் ஒழுகிச் சட்டை நனைந்த அன்றே கெட்டியான கூரையாகிய ஹார்ட் டாப்பின் விலையை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். விலை கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பதும், அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை பல உண்டு என்பதும் பிறகுதான் புரிந்தது. முதன்முறையாக இந்த முடிவை எடுக்கப் போகிறவர்களுக்காக, நான் கடந்துவந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில், கழற்றி மாட்டும் கூரை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1963-இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல். ஸ்போர்ட்ஸ் காரின் கழற்றும் கூரை நடுவில் தாழ்ந்து இரு ஓரங்களிலும் உயர்ந்திருந்ததால், அந்தக் காருக்கே ‘பகோடா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1989-இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காருக்கும் இத்தகைய கூரை தனியாகக் கிடைத்தது. குளிர்நாடுகளில் இவற்றை வைத்திருப்பவர்கள் பனிக்காலம் தொடங்கும்போது கூரையை மாட்டி, வசந்தம் வந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே செய்யும் வேலை என்பதால் அவர்களுக்கு அது சுமையாக இருப்பதில்லை.

நமக்கு அப்படி ஒரு நீண்ட பனிக்காலம் கிடையாது. சித்திரை, வைகாசியில் மூன்று மணிக்கு உச்சி வெயில் கொளுத்தும். ஆறு மணிக்கு இடியோடு கோடை மழை கொட்டும். எட்டு மணிக்கு, திறந்த வண்டியில் போனால்தான் சுகம் என்று தோன்றும்படி காற்று வீசும். ஒரே நாளுக்குள் மூன்று வேளையும் மாறுகிற இந்த வானிலைக்கு, வண்டியிலேயே மடித்து வைத்துக்கொண்டு போகக்கூடிய துணிக்கூரைதான் ஈடுகொடுக்கும். ஹார்ட் டாப்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் புறப்பட்டால், நடுவழியில் மழை வரும்போது அது எந்த உதவியும் செய்யாது. ஆகவே “குளிர்நாட்டுக்காரர்கள் வைத்திருக்கிறார்களே” என்பது நமக்குரிய காரணம் ஆகாது.

முதல் படி: ஒரு மாதக் கணக்கு

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, முப்பது நாளைக்கு ஒவ்வொரு பயணத்தையும் எழுதுங்கள். எந்த நேரம், எந்தச் சாலை, கூரை திறந்திருந்ததா மூடியிருந்ததா, இரவில் வண்டி எங்கே நின்றது ஆகிய நான்கும் போதும். அண்ணா நகரிலிருந்து கப்பலூர்த் தொழிற்பேட்டைக்குத் தினமும் போய்வருபவரின் கணக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாகமலைப் பக்கம் ஓட்டுபவரின் கணக்கும் ஒன்றாக இராது. மாதத்தில் இரண்டு நாள்கூடக் கூரையைத் திறக்கவில்லை என்றால், உங்களுக்குத் தேவைப்படுவது நிலையான கூரையுள்ள வண்டி. வாரத்துக்கு மூன்று முறை திறந்திருந்தால் ஹார்ட் டாப் உங்களுக்கு இடைஞ்சலாகத்தான் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர்கள் மட்டுமே அடுத்த படிகளுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: குறை துணியிலா, இடுக்கை அடைக்கும் ரப்பர் பீடிங்கிலா?

இந்தப் படியை யாரும் தாண்டிச் சென்றுவிடக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்வேன். வண்டியை நிறுத்திக் கதவுகளை மூடி, ஒருவரை உள்ளே டார்ச் விளக்கோடு உட்காரவைத்து, வெளியிலிருந்து தோட்டத்துக் குழாயால் கால் மணி நேரம் தண்ணீர் விடுங்கள். கீழிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே ஊற்றினால் தண்ணீர் எந்த இடத்தில் நுழைந்தது என்பது பிடிபடாது. ஒழுகும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டுக்கொண்டு, உலர்ந்த பின் அந்த இடத்தில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதாக உருவி வந்தால், அங்கே ரப்பர் பீடிங் இறுக்கம் இழந்துவிட்டது என்று பொருள். என் ஜீப்பில் ஒழுகியது முழுவதும் கண்ணாடிச் சட்டத்தின் இரண்டு மூலைகளில்தான். பீடிங்கை மாற்றி, தையல் ஓரங்களில் நீர்புகாப் பசை தடவியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகி மங்கிப்போயிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றித் தைக்கலாம். போடிமெட்டு ஏற்றத்தில் பனிமூட்டத்தினூடே ஓட்டுபவர்களுக்குப் பின்பார்வை தெளிவாக இருப்பது உயிர் காக்கும் விஷயம்.

வெயிலைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடுகிறேன். ஹார்ட் டாப் போட்டால் வண்டி குளுகுளுவென்று ஆகிவிடாது. நிறுத்தி வைத்த வண்டிக்குள் வெப்பம் பெருமளவு கண்ணாடிகள் வழியாகவே நுழைகிறது, உள்பக்கம் வெப்பத்தடை விரிப்பு இல்லாத ஃபைபர் கூரையோ தானே சூடேறித் தலைக்குமேல் அனலை இறக்கும். விரிப்புள்ள கூரையாக இருந்தால், ஓடும்போது ஏ.சி. காற்று இடுக்குகள் வழியே வீணாகாமல் தங்கும் என்பது உண்மை. மதுரை–திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் எண்பதைத் தாண்டும்போது துணி படபடக்கும் ஓசை அடங்குவதும் உண்மையான பலன்தான். பின்னால் உட்கார்ந்திருப்பவர் சாதாரணக் குரலில் பேசுவது அந்த வேகத்தில் உங்களுக்குக் கேட்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள்.

மூன்றாம் படி: வண்டி நிற்கும் இடம்

பூட்டிய கேட்டுக்குள் நிற்கும் வண்டிக்குத் துணிக்கூரை போதும். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில், இரவெல்லாம் தெருவிலேயே நிறுத்த வேண்டியவர்களின் நிலை வேறு; ஒரு பிளேடு இருந்தால் துணியைக் கிழித்துவிடலாம். அழகர்கோவில் மலையடிவாரத்திலும் கொடைக்கானல் மலைச்சாலையிலும் குரங்குகளின் தொல்லை உண்டு. உள்ளே பழத்தின் வாசனை அடித்தால் ஜிப்பைப் பிடித்து இழுத்து நுழைந்துவிடும். அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தெருவில் நிறுத்துவதுதான் ஹார்ட் டாப்புக்கு மிக வலுவான காரணம் என்று நான் கருதுகிறேன்.

நான்காம் படி: தூக்க ஆள், வைக்க இடம்

சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் கழற்றும் கூரை ஏறக்குறைய இருபது கிலோ எடை இருக்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஜீப்பின் கூரை நீளமும் உயரமும் பக்கக் கண்ணாடிகளும் கொண்டது, அதைவிட மிகக் கனமானது. நான்கு பேர் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், அல்லது போர்ட்டிகோ கொக்கியிலிருந்து செயின் பிளாக்கால் (சங்கிலிக் கப்பியால்) ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றுவதானால் கொக்கி பதித்த கான்கிரீட் தாங்குமா என்பதைக் கொத்தனாரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. கழற்றியதை மொட்டை மாடியில் போட்டு வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மதுரை வெயிலில் ஃபைபரின் மேற்பூச்சு வெளுத்து வெடிக்கும், பீடிங் கருகும். நிழலான, சமதளமான, மெத்தென்ற விரிப்புப் போட்ட இடம் வேண்டும். அந்த இடம் எது என்று இப்போதே விரலால் சுட்டிக்காட்ட முடியாவிட்டால், நீங்கள் வாங்கும் கூரை ஒருநாளும் கழற்றப்படாது.

ஐந்தாம் படி: சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வெளியில் செய்து வாங்கிய ஹார்ட் டாப்பை, சாஃப்ட் டாப் என்று பதிவான வண்டியில் மாட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். “எல்லோரும் போட்டிருக்கிறார்கள்” என்று கடைக்காரர் சொல்வது விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது உதவாது. இன்னும் வண்டி வாங்காதவராக இருந்தால், தொழிற்சாலையிலேயே ஹார்ட் டாப்போடு வரும் வகையை எடுத்துவிடுவது மேல். 2020 அக்டோபர் 2 அன்று வெளிவந்த மஹிந்திரா தார், இரு வகைக் கூரைகளோடும் விற்பனைக்கு வந்தது.

ஃபைபர் கூரை, வண்டி கவிழ்ந்து உருளும்போது உங்களைக் காக்கும் கவசம் அன்று. அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் இரும்புக் குழாய்ச் சட்டமான ரோல் கேஜும் சீட் பெல்ட்டும்தான்; கூரைக்கு இடம் வேண்டும் என்று ரோல் கேஜில் கை வைக்கச் சொல்லும் பட்டறையிலிருந்து உடனே வண்டியை எடுத்து வந்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தால், கூரையை மாட்டும்போது அருகிலேயே நின்று கவனியுங்கள். ஒவ்வொரு போல்ட் துளையிலும் அகலமான வாஷரும் ரப்பர் வாஷரும் சேர்த்துப் போட வேண்டும், இல்லையென்றால் அதிர்வில் துளையைச் சுற்றி ஃபைபர் விரியும். நட்டுகள் தளராத நைலான் வளைய வகையாக இருக்கட்டும். எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் பொருத்திவிட்டு, எதிரெதிர் மூலைகளாக இறுக்க வேண்டும். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கி, மீண்டும் அதே குழாய்த் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். கண்ணாடிச் சட்டத்தின் பெயின்டில் கூரை உரசிய தடம் தெரிந்தால், அங்கே இன்னொரு வரி ரப்பர் வைத்த பிறகே மழைக்காலத்தில் வண்டியை வெளியே எடுங்கள்.