நகத்தில் வரி விழுந்தால் செய்யக்கூடாதவை

நகத்தில் வரி தெரிந்ததும் பலர் நகம் தேய்க்கும் அரத்தைத் தேடுகிறார்கள். இன்னும் சிலர் கால்சியம் மாத்திரையைத் தேடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் கையை நீட்டி, வரி எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். அடியிலிருந்து நுனிவரை நெடுக்காக ஓடுகிறதா? இல்லை, குறுக்கே பள்ளமாக விழுந்திருக்கிறதா? இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷயங்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் வைத்தியம் தொடங்குவதுதான் முதல் தவறு.

நாம் வெட்டுகிற, பாலிஷ் பூசுகிற நகத்துக்கு உயிர் இல்லை. கெரட்டின் என்ற புரதம் அடுக்கடுக்காக இறுகி வந்தது அது. உயிருள்ள பகுதி தோலுக்குள் ஒளிந்திருக்கும் நகவேர். பெருவிரல் நகத்தின் அடியில் வெள்ளையாகப் பிறைபோலத் தெரிகிறதே, அதுதான் அந்த வேரின் வெளியே தெரிகிற ஓரம். வேர் சீராக வேலை செய்தால் நகம் வழவழப்பாக வரும். வயது கூடும்போது அந்தச் சீர் கொஞ்சம் குறைகிறது. நெடுக்கு வரிகள் எழும்புகின்றன. முகச்சுருக்கம் மாதிரிதான் இதுவும். சிலருக்குப் பரம்பரையாக இளவயதிலேயே வரும். நிறம் மாறாமல், பிளக்காமல், வலிக்காமல் இருந்தால் இதற்கு வைத்தியமே தேவையில்லை.

ஆனால் சும்மா விட மனசு வராது. மேட்டைத் தேய்த்துச் சமமாக்கிவிடலாம் என்று தோன்றும். கை நகத்தின் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதில் எவ்வளவைத் தேய்ப்பது? தேய்த்த பகுதி மெலிந்து, மடங்கி, நுனியில் பிளக்கும். வேரோ பழைய அச்சிலேயே வார்த்துக்கொண்டிருக்கும். சில வாரங்களில் வரி மறுபடி எட்டிப்பார்க்கும். கண்ணை உறுத்துகிறது என்றால், வரிகளை நிரப்புவதற்கென்றே விற்கிற அடிப்பூச்சு ஒன்றைப் பூசிக்கொள்வது எவ்வளவோ மேல்.

கால்சியம் கதைக்கு வருவோம். நகத்தில் கால்சியம் மிகச் சொற்பம். எடையில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. நகத்துக்கு உறுதி தருவது கெரட்டின் இழைகளைக் கட்டிப்போடும் கந்தகப் பிணைப்புகள். நகத்தில் தோன்றும் வெள்ளைப் புள்ளிகளும் பெரும்பாலும் எங்கோ இடித்துக்கொண்டதன் தடயம்தான். நகத்தோடு நிஜமாகவே தொடர்புடைய குறைகள் வேறு. இரும்புச்சத்து மிகவும் குறைந்தால் நகம் மெலிந்து கரண்டிபோலக் குழியும். தைராய்டு சுரப்பு குறைந்தால் வளர்ச்சி மந்தமாகி, வரிவரியாக, எளிதில் உடைகிறதாக மாறும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். ஊகித்து மாத்திரை விழுங்க வேண்டியதில்லை.

நகத்துக்கு நல்லது என்று பலர் விழுங்கும் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரையிலும் ஒரு சிக்கல் உண்டு. எளிதில் உடையும் நகத்துக்கு அது ஓரளவு உதவுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, சரி. ஆனால் அதிக அளவில் எடுத்தால் ரத்தப் பரிசோதனை முடிவுகளையே அது குழப்பும். தைராய்டு அளவு தவறாகக் காட்டலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ட்ரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து தெரியலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-லேயே இதை எச்சரித்தது. நகத்துக்குத்தானே என்று நினைத்து மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

குறுக்கு வரி வேறு ரகம். கடும் காய்ச்சல், நிமோனியா, தட்டம்மை, பெரிய அறுவை சிகிச்சை, கீமோதெரபி என்று உடம்பு பெரிய அதிர்ச்சியில் இருக்கும்போது வேர் வேலையைச் சற்று நிறுத்திவிடும். அந்த இடைவெளிதான் பிறகு பள்ளமாக வெளியே வருகிறது. 1846-ல் போ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்ததால் 'போ கோடுகள்' என்று பெயர். பெயர்தான் போ, நாம் சொன்னால் போகாது. கை நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கோடு நகத்தடியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், இரண்டு மாதத்துக்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று யோசியுங்கள். (சற்று முன்னால் என்றது, தோலுக்குள் வளர்ந்து வந்த தூரத்தையும் சேர்க்க வேண்டும் என்பதால்.) காரணம் நினைவுக்கு வந்து, நீங்கள் குணமாகியும் விட்டீர்கள் என்றால், ஆறு மாதத்தில் கோடு நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுவிடும். கால் நகத்துக்கு ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். எல்லா நகங்களிலும் கோடு இருந்து, காரணம் மட்டும் பிடிபடவில்லையா? அப்போது மருத்துவரைப் பாருங்கள்.

பெருவிரலில் மட்டும், நகத்தின் நடுவே ஏணிப்படிபோல அடுக்கடுக்காகப் பள்ளம் விழுந்திருக்கிறதா? அப்படியென்றால் சந்தேகப்பட வேண்டியது உங்கள் ஆள்காட்டி விரலைத்தான். யோசிக்கும்போதும் வரிசையில் காத்திருக்கும்போதும், பெருவிரல் நகத்தடித் தோலை அது தள்ளிக்கொண்டோ சுரண்டிக்கொண்டோ இருக்கும். எனக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. 'நான் எங்கே சுரண்டுகிறேன்' என்று சொல்லிக்கொண்டே சுரண்டியிருக்கிறேன். அந்த இடத்தில் சில மாதம் பிளாஸ்திரி ஒட்டிவைப்பது நல்ல தந்திரம். விரல் போய்த் தட்டும்போதுதான் நமக்கே உறைக்கும்.

அழகுக்காக அந்தத் தோலை வெட்டுவதும் குச்சியால் அழுத்தித் தள்ளுவதும் இதே வகைத் தவறுதான். நீரும் கிருமியும் உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பதே அந்தத் தோல்தான். வெட்டினால் நகச்சுற்று வரும்; வீக்கம் வேரை அழுத்தினால் புதிய வரிகளும் வரும்.

நகம் கரடுமுரடானால் பூஞ்சைதான் என்று தாங்களே முடிவுசெய்து மருந்து பூசுகிறவர்களும் உண்டு. சொரியாசிஸ், எக்ஸிமாகூட நகத்தை அப்படி ஆக்கும். நகத்துணுக்கைப் பரிசோதித்துப் பார்க்காமல் மாதக்கணக்கில் பூஞ்சை மருந்து போடுவது வீண். எல்லா நகமும் உப்புத்தாள்போலச் சொரசொரப்பானால், தலையில் புழுவெட்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லைக்கன் பிளானஸ் என்ற நோயில் வரிகளோடு நகம் மெலிந்துகொண்டே போகும். தாமதித்தால் வேர் தழும்பாகி, நகம் திரும்ப வராமலே போகலாம்.

அன்றாடப் பராமரிப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நகம் நனைந்து நனைந்து காய்வதுதான் அதற்குக் கெடுதல். பாத்திரம் கழுவும்போது கையுறை போடுங்கள், கை கழுவியதும் நகத்தடி வரை க்ரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். குளித்தபின் நகம் மிருதுவாக இருக்கும்போது வெட்டுங்கள். அசிட்டோன் கலந்த ரிமூவரை அடிக்கடி தொடாதீர்கள். நகத்தைக் கெட்டியாக்கும் என்று விற்கிற, ஃபார்மால்டிஹைட் கலந்த பூச்சுகள் நாளடைவில் நகத்தை நொறுங்கத்தான் வைக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. ஒரே ஒரு விரலில் புதிதாகக் கறுப்பு அல்லது பழுப்புக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே வந்தாலோ, அந்தக் கறுப்பு நகத்தடித் தோலிலும் பரவினாலோ, உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல விரல்களில் இப்படிக் கோடுகள் இருப்பது சகஜம்தான். ஆனால் ஒற்றைக் கோடு மெலனோமா புற்றுநோயாகவும் இருக்கலாம். போகும்போது பாலிஷை அழித்துவிட்டுப் போங்கள், பத்து விரலிலும்.