விஸ்கி ருசித்துப் பார்க்க நாலு குட்டி பாட்டில் போதும்

மார்த்தாண்டம் பக்கம் நண்பர் வீட்டு மொட்டைமாடியில்தான் முதல்தடவை நாலு விஸ்கியை வரிசையாக வைத்து உட்கார்ந்தோம். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு. மூன்றாவது கிளாசுக்கு வந்தபோது விஸ்கியும் கருவாடாகவே இருந்தது. அந்தக் கூத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டது இது. 21 வயது நிரம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1. சரக்கு

முழு பாட்டில் வாங்காதீர்கள். 50, 60 மில்லி மினியேச்சர் நாலு போதும். கிடைக்கவில்லையா, நாலு பேர் ஆளுக்கொன்று வாங்கிப் பங்கு போடுங்கள். சின்னக் கண்ணாடிக் குப்பி, இறுக்கமான மூடி. இருமல் மருந்துக் குப்பி மட்டும் வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது.

நாலும் நாலு குணமாக இருக்கட்டும்: ஒரு பிளெண்டட் ஸ்காட்ச் (பல ஆலைச் சரக்கைக் கலந்த ஸ்காட்லாந்து விஸ்கி), போர்பன் எனும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறிய சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையின் பார்லி விஸ்கி) ஒன்று, ஷெர்ரி எனும் ஸ்பெயின் ஒயின் பீப்பாயில் ஊறியது ஒன்று, ஸ்காட்லாந்தின் ஐலா தீவுப் புகை விஸ்கி ஒன்று. இரண்டாவதுக்குப் பதில் அம்ருத் போன்ற நம் நாட்டு மால்ட்டும் வைக்கலாம்.

2. ஊற்றுவது

ஆளுக்கு 15 மில்லி. மருந்து மூடியால் அளந்தால் போதும். நாலும் சேர்ந்தால் 60, அதாவது ஒரு லார்ஜ். அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் நல்லது. அடியில் எண் ஒட்டி, குடிக்காத ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் நாக்கு விலைக்குத் தலையாட்டும். நிறத்தையும் நம்பாதீர்கள், ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க அனுமதி உண்டு.

3. மோந்து பார்ப்பது

பாதி வேலை இங்கேதான். வாயை லேசாகத் திறந்துகொண்டு, கிளாஸைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மோந்து பாருங்கள். மூக்கை உள்ளே விட்டால் எரிச்சல்தான் மிச்சம்.

லேபிளில் 'ஹெதர் பூ' என்று இருக்கும். நாம் எங்கே கண்டோம்? நம் ஊர்ப் பெயரையே வையுங்கள். குமரி மாவட்டத்து மாறாமலைக் கிராம்பு வாசம் வந்தால் அது பிரமை இல்லை. கிராம்பில் உள்ள யூஜினால் என்ற வாசனைப் பொருள் பீப்பாய் செய்யும் ஓக் மரத்திலும் இருக்கிறது. ஐலா விஸ்கியை மோந்ததும் குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறைக் கதவைத் திறந்த மாதிரி இருந்தது எனக்கு. அங்கே விறகுப் புகை. ஐலாவில் பார்லியை உலர்த்துவது பீட் எனும் பாதி மட்கிய செடிகொடிப் படிவின் புகையில். குவையகால் என்ற வாசனைப் பொருள் இரண்டு புகையிலும் உண்டு. ஷெர்ரி பீப்பாய்க்கு நான் எழுதி வைத்தது: 'கருப்பட்டி, உலர்திராட்சை'.

4. வாயில் வைப்பது

முதல் மிடறு நாக்கைப் பழக்க. இரண்டாவதிலிருந்துதான் கணக்கு. பிறகு ஸ்பூனால் நாலைந்து சொட்டுத் தண்ணீர். குவையகாலை மாதிரியாக வைத்து 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தினர் செய்த கணினி ஆய்வில், தண்ணீர் கூடும்போது குவையகால் மேற்பரப்புக்கு ஏறுவதாகத் தெரிந்தது. மேலே வந்தால் மூக்குக்கு எட்டுவது சுலபம். ஐஸ் வேண்டாம், குளிரில் வாசம் அடங்கிவிடும்.

புகை விஸ்கி எப்போதும் கடைசியில். இடையிடையே தண்ணீர், வெறும் ரொட்டி. கருவாடு ருசி பார்த்து முடித்தபிறகுதான்.

5. சீட்டு எழுதுவது

எண், மணம், ருசி, வாயில் எவ்வளவு நேரம் நின்றது, இவ்வளவு போதும். எல்லோரும் எழுதி முடித்தபிறகே பெயரைத் திறக்க வேண்டும். போன தடவை எல்லோரும் முதலிடம் கொடுத்தது மூன்றாம் எண்ணுக்கு. திறந்து பார்த்தால் நாலிலும் விலை குறைந்த பிளெண்டட். ஐலா வாங்கி வந்த மச்சான் அன்று முழுக்கப் பேசவில்லை.